கிளார்க் டெர்ரி: வாசிப்பையும் கற்பிப்பையும் இரண்டாகப் பிரிக்க முடியுமா?

கேள்வி: முத்தியால்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கருகே போலீஸ் பேண்ட் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு என் மகளுக்கு ட்ரம்பெட்டின் மேல் ஆசை பிறந்தது. பேண்டில் நெடுங்காலம் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் சில ஆண்டுகளாகக் கற்று வருகிறாள். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதிய தாளை எதிரில் வைத்தால் தடுமாறாமல் வாசித்துவிடுவாள். தாளை எடுத்துவிட்டால் ஒரு வரிகூட அவளாக வாசிக்க வருவதில்லை.

அண்மைக் காலமாக அவள் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கிளார்க் டெர்ரியின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு வருகிறாள். அவளுக்குத் துணையாக நானும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1920 டிசம்பர் 14 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர், கவுண்ட் பேசி, டியூக் எலிங்டன் ஆகிய இருவரின் ஜாஸ் குழுக்களிலும் வாசித்தவர், பின்னர் ஏராளமான இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்ற வரிசையில்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். முதல் பாதி கலைஞர், மறு பாதி ஆசிரியர் என்ற இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இசைக் கலைஞர்களான மைல்ஸ் டேவிஸுக்கும் குவின்சி ஜோன்ஸுக்கும் அவர் வழிகாட்டியபோது அவருக்கே முப்பது வயது நிறைந்திருக்கவில்லையே. கற்பிக்கும் எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டுக்குள் எழுந்தது. பின்பற்றுவது, உள்வாங்குவது, புதிதாகப் படைப்பது என்ற மூன்று படிகளை டெர்ரி தம் மாணவர்களுக்குச் சொல்லிவந்தார் என்று அறிகிறேன். மகள் இதை ஏற்று, அவருடைய வாசிப்பை அப்படியே திருப்பி வாசிக்க முயல்கிறாள். அவளுடைய ஆசிரியர் இதை விரும்பவில்லை. பிறர் வாசித்ததைப் போலவே வாசித்துப் பழகிய கைக்குச் சொந்த வாசிப்பு எந்தக் காலத்திலும் வராது என்பது அவர் கருத்து. நாற்பது ஆண்டுக் கால அனுபவமுள்ளவர் சொல்வதைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஜாஸ் குழு எதுவும் அன்றாடம் வாசிக்காத நம் ஊரில் வளரும் ஒரு பெண் இந்த மூன்று படிகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: லாஸ்பேட்டை, ஓய்வு பெற்ற இசை ஆசிரியர்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கான விடை அவருடைய இளமைக் காலத்திலேயே இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

டெர்ரி பெரிய குடும்பத்தில், வறுமையில் பிறந்தவர். ஏறத்தாழப் பத்து வயதில் அக்கம்பக்கத்து வீடு ஒன்றின் கிராமபோனில் எலிங்டன் குழுவின் இசையைக் கேட்டு, அந்த ஒலியை எப்படியாவது தாமும் எழுப்ப வேண்டும் என்று துடித்தார். ட்ரம்பெட் வாங்கப் பணம் ஏது? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய ரப்பர் குழாயைச் சுருட்டிக் கட்டி, ஒரு முனையில் புனலையும் மறுமுனையில், வாய் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குப் பதிலாக, ஈயக் குழாய்த் துண்டையும் பொருத்தி ஊதினார். அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமலோ, பையனின் பிடிவாதத்தைப் பார்த்து இரங்கியோ, அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அடகுக் கடையிலிருந்து உண்மையான ட்ரம்பெட் ஒன்றை வாங்கித் தந்தார்கள். அதன் விலை 12 டாலர் 50 சென்ட். அவருக்குக் கிடைத்த முதல் கருவியே ஊரார் கொடுத்தது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் அவருக்கு நேர்ந்தது. கீழ் ஸ்தாயியில் ஒலி திரண்டு வர என்ன செய்ய வேண்டும் என்று மூத்த கலைஞர் ஒருவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். கண்ணாடிக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார், பல்லைக் கடித்துக்கொள், இடது காதை ஆட்டிக்கொண்டே ஊது என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார். சிறுவன் அதை உண்மையென்று நம்பி வீட்டில் பழகியிருக்கிறான். அக்காலத்தில் வேலை வாய்ப்பு குறைவு. இன்று கற்றுக்கொடுக்கப்படும் பையன் நாளை தம் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவான் என்ற அச்சம் மூத்தவர்கள் பலருக்கு இருந்தது. தமக்கு எப்போதாவது ஏதாவது தெரியவந்தால் கேட்பவர்களிடம் அதை மறைக்கக் கூடாது என்ற முடிவுக்குத் தாம் வந்தது அந்த ஏமாற்றத்தால்தான் என்று டெர்ரி பிற்காலத்தில் பலமுறை விவரித்திருக்கிறார்.

அந்த முடிவிலிருந்து அவரும் ஒருமுறை வழுவினார். இதை அவரும் மைல்ஸ் டேவிஸும் தத்தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் ஊரில் நடந்த ஒரு விழாவில், பள்ளி மாணவராக இருந்த டேவிஸ் இவரிடம் வந்து ட்ரம்பெட்டைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். அங்கே ஆடிக்கொண்டிருந்த பெண்கள் மேல் கவனமாக இருந்த டெர்ரி, இப்போது அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று துரத்திவிட்டார். பின்னர் செயின்ட் லூயிஸில் ஒரு கிளப்பின் மாடியிலிருந்து வேகமான, இதுவரை கேட்டறியாத ட்ரம்பெட் ஒலி கேட்டு மேலே ஓடினார். வாசித்துக்கொண்டிருந்தவரை எங்கோ பார்த்த நினைவிருந்ததால் விசாரித்தார். அன்று தம்மைத் துரத்திய ஆள் இவர்தான் என்று அந்த இளைஞர் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். அதன் பிறகு இருவருக்குமான நட்பு டேவிஸின் மரணம் வரை நீடித்தது. தம் தொடக்க காலத்தில் தம்மைப் பெரிதும் ஈர்த்தவர்களில் ஒருவர் டெர்ரி என்று டேவிஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர்.

அடுத்தது கடற்படை. 1942 வரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பினத்தவருக்குச் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் மட்டுமே வேலை தரப்பட்டது. அந்த ஆண்டில் விதி தளர்ந்து, இசைக் கலைஞர்களாகவும் சேர வழி பிறந்தது. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில், வெள்ளையர்களிடமிருந்து பிரித்து அமைக்கப்பட்ட முகாமில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த கறுப்பினக் கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். டெர்ரி 1945 வரை அங்கே இருந்தார். அங்கேதான் அவர் கிளாரினெட்டுக்கான பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வைத்து ட்ரம்பெட்டில் சாதகம் செய்தார். கிளாரினெட்டில் விரல்கள் தடையில்லாமல் ஓடும்; ட்ரம்பெட்டிலோ விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளையும் உதட்டையும் நாக்கையும் ஒரே கணத்தில் இணைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் நீண்ட, வளைந்து செல்லும் வரிகளை வாசித்துப் பழகியதால்தான் அவருடைய வாசிப்பில் பிற்காலத்தில் அந்த வழுக்கிச் செல்லும் ஓட்டம் அமைந்தது.

போருக்குப் பிறகு 1948 முதல் 1951 வரை பேசியிடமும், 1951 முதல் 1959 வரை எலிங்டனிடமும் இருந்தார். பேசியிடம் கழித்த காலத்தைப் பள்ளிப் படிப்பாகவும் எலிங்டனிடம் கழித்த காலத்தைப் பல்கலைக்கழகமாகவும் அவர் கருதினார். பேசியின் குழுவில் எதை வாசிக்காமல் விடுவது என்பதையும், இடைவெளியும் இசையின் பகுதிதான் என்பதையும் கற்றார். எலிங்டனோ, குழுவிலுள்ள ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் அறிந்து அதற்கேற்பவே எழுதியவர். ஒரு மனிதரிடம் இருப்பதை அவர் வழியாகவே வெளிக்கொணரும் இந்தப் பண்பைத் தம் மாணவர்களிடம் டெர்ரி பின்பற்றினார் என்பது என் முடிபு.

பேசியிடம் இருந்த நாட்களில்தான் சியாட்டில் நகரில் குவின்சி ஜோன்ஸ் என்ற பதின்ம வயதுச் சிறுவன் வந்து பாடம் கேட்டான். இரவு நெடுநேரம் வாசித்துவிட்டுப் படுத்தவரைப் பள்ளிக்குப் போகும் முன் விடியற்காலையில் எழுப்பினான். டெர்ரி முகம் சுளிக்காமல் எழுந்து கற்றுக்கொடுத்தார். மவுத்பீஸைத் தவறான இடத்தில் வைத்து ஊதி உதட்டில் இரத்தம் கசிந்துகொண்டிருந்த அந்தப் பையனுக்கு அதைத் திருத்தினார். 1959இல் எலிங்டனை விட்டு விலகிய டெர்ரி, அதே குவின்சி தலைமையேற்ற குழுவில் சேர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்றார். மாணவனின் தலைமையில் வாசிக்க ஆசிரியர் போய்ச் சேர்ந்தார் என்றால், இந்த வாழ்க்கையை முன்பாதி, பின்பாதி என்று எப்படிப் பிரிப்பது?

மறுமொழி: மஞ்சக்குப்பம், நாதஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்தவன்

கடலூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். டெர்ரியின் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டபோது என்னைக் கட்டிப்போட்டது அவருடைய நாக்கு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் மகளுக்கு அது உடனே பயன்படும்.

ட்ரம்பெட்டில் வேகமாக வாசிக்கப் பொதுவாகக் கற்றுத் தரப்படும் முறையில் 'த', 'க' என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி நாக்கால் உச்சரிப்பார்கள். அது துல்லியமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வெட்டி வைத்ததுபோல் விழும். அணிவகுப்புப் பாட்டுக்கு அது பொருந்தும். ஜாஸின் ஊஞ்சல் நடைக்கு (swing) அது முரடாக இருக்கும். டெர்ரி பயன்படுத்திய முறையில் நாக்கு 'டூ-டுல்' என்று அசையும். 'டூ' என்னும்போது நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டு விலகும். 'டுல்' முடிவில் வரும் 'ல்' ஒலியின்போது நாக்கு மேலே ஒட்டியிருந்தாலும் அதன் இரு பக்கங்களிலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஓட்டம் அறுபடுவதில்லை. முதல் ஸ்வரம் சற்று அழுத்தமாகவும் அடுத்தது சற்று நிழலாகவும் ஒலிக்கும். உயிரெழுத்தை மாற்றி 'டீ-டுல்', 'டா-டுல்' என்றும் சொல்லச் செய்து, மாணவர்களைக் கருவியைக் கீழே வைத்துவிட்டு முதலில் வாயால் பாட வைப்பார்.

நாதஸ்வரத்தில் துத்துக்காரம் என்று நாங்கள் சொல்வதும் நாக்கின் வேலைதான். நாக்கால் வெட்டாமல் அகாரமாக இழைத்து வாசிப்பதையும் துத்துக்காரமாக வாசிப்பதையும் எங்கே கலப்பது என்பதில்தான் ஒரு வித்துவானின் தரம் தெரியும். தவிலில் சொற்கட்டை (தாளச் சொற்களின் கோவையை) வாய் சொல்லாமல் கை வாசிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே வாயால் சொல்லிப் பிறகு கருவியில் எடுக்கும் டெர்ரியின் வழி உங்கள் மகளுக்கு அந்நியமானதல்ல. எங்கேனும் தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் அவளை அழைத்துச் செல்லுங்கள்.

மூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அதை வெளியே தள்ளும் அதே நேரத்தில் மூக்கால் மூச்சை இழுத்து, ஒலியை நிறுத்தாமல் தொடரும் முறையில் டெர்ரி தேர்ந்தவர். அதற்காக ஒரு பயிற்சி நூலே எழுதியவர். எங்கள் மேளத்தில் சுருதிக்காக ஒத்து ஊதுபவர் செய்வது அதைத்தான். இதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் முதலில் இதைச் செய்து காட்டவே ஆசைப்படுவார்கள். நாதஸ்வரத்தில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ட்ரம்பெட்டிலோ வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. கன்னத்தை உப்பினால் உதட்டின் பிடி தளர்ந்து ஒலி கலைந்துபோகும். உதட்டுக் கட்டு உறுதிப்படும் வரை அந்த வித்தை வேண்டாம்.

உங்கள் மகளின் ஆசிரியர் சொன்னதைக் குறித்தும் என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மல்லாரி (கோவில் ஊர்வலத்தில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் இசை) கற்கும் பையன் முதலில் குரு வாசித்ததை இம்மியும் பிசகாமல் திருப்பி வாசிப்பான். மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) அது அவன் உடம்பில் ஊறிய பிறகுதான் குரு அவனைச் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடுவார். பாடாந்தரம் (குருவிடம் கேட்டுப் பெற்ற பாடம்) வலுவாக இல்லாதவனுடைய மனோதர்மம் (சொந்தக் கற்பனை) இரண்டு சுற்றிலேயே வற்றிவிடும். இதை எங்கள் குடும்பத்தில் பலரிடம் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் திருப்பி வாசிப்பதை எங்கே நிறுத்துவது என்று பார்த்துச் சொல்ல எதிரில் ஒரு குரு வேண்டும். ஒலிப்பதிவு அதைச் சொல்லாது. அந்தப் பெரியவரின் அச்சம் இதைப் பற்றியதாக இருக்கலாம்.

கேட்டவரின் தொடர்ச்சி: முத்தியால்பேட்டை வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லாஸ்பேட்டை ஐயா எழுதியதை அச்செடுத்து மகளின் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, ஊரார் பணம் போட்டு ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்த இடத்தை இரண்டாம் முறை படித்தார். தம் ஆட்சேபத்தையும் அவர் தெளிவாக்கினார். பிள்ளைகள் இணையத்தில் கேட்ட ஒரு வேகமான வரியை விரலளவில் பிடித்துக்கொண்டு, அதன் கீழே ஓடும் ஸ்வரக்கூட்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், chord) என்ன என்பதையே அறியாமல் எல்லாப் பாட்டிலும் அதைச் செருகுகிறார்கள், அதைத்தான் தாம் எதிர்ப்பதாகச் சொன்னார். இது எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

எந்த ஒலிப்பதிவிலிருந்து தொடங்குவது, அதில் எதைக் கவனிப்பது என்று யாராவது சொன்னால் ஆசிரியரும் சேர்ந்து கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மறுமொழி: கோரிமேடு, ஜாஸ் ரசிகர்

ஒலிப்பதிவுகளுக்கு வருகிறேன். அதற்கு முன் இந்தத் திரியில் ஒரு பக்கம் விடுபட்டுப்போவதாக எனக்குப் படுகிறது.

டெர்ரியின் அன்பையும் ஈகையையும் பேசும்போது அவர் எத்தகைய தடைகளைத் தாண்டிய தொழில்முறைக் கலைஞர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் பெரிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் நிரந்தரச் சம்பளத்தில் இசைக்குழுக்களை வைத்திருந்தன. ஊர் ஊராகப் பேருந்தில் அலைய வேண்டியதில்லை என்பதால் அந்த வேலைக்குப் பெரும் போட்டி. கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. சமத்துவத்துக்காகப் போராடிய அமைப்புகள் கொடுத்த அழுத்தத்தின் விளைவாக 1960இல் என்பிசி நிறுவனம் டெர்ரியை நிரந்தரக் கலைஞராகச் சேர்த்துக்கொண்டது. அந்த நிறுவனத்தில் அப்படிச் சேர்ந்த முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. எந்தத் தாளை வைத்தாலும் முதல் பார்வையிலேயே பிழையின்றி வாசிக்க வேண்டிய வேலை அது. ஒரு பிழை செய்தால் அந்தப் பிழை தம் கணக்கில் மட்டும் எழுதப்படாது, தமக்குப் பின்னால் வரவேண்டிய எல்லோர் கணக்கிலும் எழுதப்படும் என்ற சுமையோடு அவர் அங்கே வாசித்தார். 'டுநைட் ஷோ' நிகழ்ச்சியின் இசைக்குழுவில் அவர் நாடறிந்த முகமானார். 1972இல் அந்த நிகழ்ச்சி நியூயார்க்கை விட்டு கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தபோது அவர் உடன்செல்லவில்லை. அதன் பிறகு பள்ளிகள், கல்லூரிகள், கோடைக்கால முகாம்கள் என்று கற்பிக்கும் பணி பன்மடங்கு பெருகியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிச் சிறுவர்களுக்காக அவர் இளைஞர் குழு அமைத்தது அதற்கும் முந்தியது.

அம்மையீர், உங்கள் மகளின் வலிமையாக நீங்கள் குறிப்பிட்ட, தாளைப் பார்த்து வாசிக்கும் திறன் டெர்ரிக்கும் அடித்தளமாக இருந்தது என்பதை அவள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பேண்ட் பயிற்சி ஜாஸுக்குத் தடை என்று நினைக்க வேண்டாம்.

மைல்ஸ் டேவிஸ் அளவுக்கு டெர்ரியின் பெயர் பரவாததற்குக் காரணம், சொந்தக் குழுவோடு ஒரு புதிய போக்கைத் தொடங்கி அதை முன்னிறுத்தும் இடத்தில் அவர் நின்றதில்லை என்பதே என்று கருதுகிறேன். அவருடைய மிகச் சிறந்த வாசிப்புகள் பல, பிறர் தலைமையேற்ற இசைத்தட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் பங்கேற்றவரைத் தேடிக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, 1957இல் எலிங்டன் குழு வெளியிட்ட, ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை வைத்து அமைத்த 'சச் ஸ்வீட் தண்டர்'. அதில் ஒரு பகுதியில், 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் குறும்புக்காரனான பக் என்ற பாத்திரமாக டெர்ரி வாசிக்கிறார். அதன் முடிவில் வால்வை முழுதும் அழுத்தாமல் பாதி அழுத்தி, இந்த மனிதர்கள் எத்தகைய மூடர்கள் என்று பக் சொல்லும் வசனத்தை ட்ரம்பெட்டாலேயே பேசிவிடுகிறார். வசனத்தை முன்பே அறிந்து கேட்டால் ஒவ்வோர் அசையும் காதில் விழும். எலிங்டன் அவருக்கென்றே எழுதினார் என்று லாஸ்பேட்டை ஐயா சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டாவது, 1958இல் அவர் தலைமையில் பதிவான 'இன் ஆர்பிட்'. பிறரிடம் பக்கவாத்தியமாக அரிதாகவே வாசித்த தெலோனியஸ் மங்க் இதில் பியானோ வாசிக்கிறார். டெர்ரி இதில் ட்ரம்பெட்டை விட்டுவிட்டு ஃப்ளூகல்ஹார்னை எடுத்துக்கொண்டார். ட்ரம்பெட்டைவிட அகன்று விரியும் குழாயும் ஆழமான மவுத்பீஸும் கொண்ட அந்தக் கருவியில் வால்வுகளும் விரல்வரிசையும் ட்ரம்பெட்டுக்கு உரியவையே. ஒலி மட்டும் கூர்மை குறைந்து கனிந்திருக்கும். ஜாஸில் அதற்குத் தனி இடம் பெற்றுத் தந்தவர்களில் டெர்ரி முதன்மையானவர். மேடையில் ஒரு கையில் ட்ரம்பெட்டும் மறு கையில் ஃப்ளூகல்ஹார்னும் ஏந்தி, நான்கு நான்கு அளவாக (அளவு என்பது ஒரு தாளக் கட்டம், bar) தமக்குத் தாமே கேள்வியும் பதிலுமாக வாசிப்பார்.

மூன்றாவது, 1964இல் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவோடு அவர் சேர்ந்து செய்த இசைத்தட்டு. சொற்களே இல்லாமல் முணுமுணுத்துப் பாடும் 'மம்பிள்ஸ்' இதில்தான் இருக்கிறது. பாதி வார்த்தை விளங்காமல் பாடும் பழைய புளூஸ் (ஜாஸுக்கு வேரான கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடகர்களை நினைத்து அவர் பாடியது. மக்கள் அதை வேடிக்கையாகக் கேட்டு ரசித்தார்கள். உங்கள் மகள் அதைப் பாடமாகக் கேட்கட்டும்: வாயால் அவர் பாடும் அழுத்தமும் இழுப்பும் கருவியில் அவர் வாசிப்பவற்றோடு அப்படியே பொருந்துவதைக் காணலாம். மஞ்சக்குப்பம் நண்பர் சொன்ன நாக்கின் வேலை முழுவதும் அங்கே வெளிப்படையாகக் கேட்கிறது.

மறுமொழி: லாஸ்பேட்டை, ஓய்வு பெற்ற இசை ஆசிரியர்

கோரிமேடு நண்பர் எழுதியதை ஏற்கிறேன். டெர்ரியின் கடைசி ஆண்டுகளைச் சொல்லாமல் இது நிறைவு பெறாது என்பதால் மீண்டும் எழுதுகிறேன்.

அவரை நீரிழிவு நோய் பல்லாண்டுகள் வாட்டியது. கண்பார்வை மங்கியது, இறுதிக் காலத்தில் இரண்டு கால்களும் அகற்றப்பட்டன. அர்கன்சாஸ் மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் இருந்த அவர் வீட்டுக்கு மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிறு வயதிலேயே பார்வையை இழந்த பியானோ கலைஞர் ஜஸ்டின் காஃப்லின் அவர்களில் ஒருவர். வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது டெர்ரியிடம் வந்து சேர்ந்தவர். படுக்கையில் இருந்தபடியே டெர்ரி வரிகளைப் பாடிக் காட்ட, காஃப்லின் அவற்றைத் திருப்பிப் பாடி மனத்தில் ஏற்றிக்கொண்டதை, அவருடைய இன்னொரு மாணவரான ஆலன் ஹிக்ஸ் இயக்கிய ஆவணப்படம் காட்டுகிறது. அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர் குவின்சி ஜோன்ஸ். 1991இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் சிறப்பையும், 2010இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருதையும் பெற்ற டெர்ரி, 2015 பிப்ரவரி 21 அன்று தம் 94ஆம் வயதில் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் ட்ரம்பெட் கலைஞர், காஃப்லினோ பியானோ கலைஞர். விரல்வரிசையைக் கற்றுக்கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. சொற்றொடர் எங்கே மூச்சு விடுகிறது, எந்த ஸ்வரம் கனம் தாங்குகிறது, எது மெலிகிறது என்பதுதான் பாடமாக இருந்தது. டெர்ரி முதல் படியாகச் சொன்ன பின்பற்றுதலை நான் இந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். விரலளவில் பிடித்த வரியைச் செருகுவதை உங்கள் ஆசிரியர் எதிர்ப்பது முற்றிலும் சரி. டெர்ரியும் அதை ஏற்றிருக்க மாட்டார்.

ஆகவே இப்படிச் செய்யச் சொல்லுங்கள். மெதுவான புளூஸ் ஒன்றில் டெர்ரி வாசிக்கும் ஒரே ஒரு சுற்றை, அதாவது 12 அளவை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கைப்பேசியில் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது. பதிவோடு சேர்ந்து பாடி, பிறகு பதிவை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடி, அதன் பின்பே ட்ரம்பெட்டை எடுக்க வேண்டும். ட்ரம்பெட் பி-ஃப்ளாட் கருவி (அதில் சி வாசித்தால் பியானோவின் பி-ஃப்ளாட் ஒலிக்கும்) என்பதை மறக்கக் கூடாது: பியானோவில் பி-ஃப்ளாட்டில் இருக்கும் புளூஸ் அவளுக்கு சி ஆகவும், எஃப்பில் இருப்பது ஜி ஆகவும் வரும். கேட்டதைத் தாளில் எழுதும் வேலையை அவள் ஆசிரியரோடு உட்கார்ந்து செய்யட்டும். ஒவ்வோர் அளவுக்கும் அடியில் உள்ள ஸ்வரக்கூட்டை அவரே குறித்துக் கொடுக்கட்டும். அந்த வேலையில் அவருக்கு நிகரானவர் நம் ஊரில் எளிதில் கிடைக்க மாட்டார். அதன் பிறகு 12 அளவில் கடைசி நான்கை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் தானாக எதையேனும் பாடிப் பார்க்கட்டும்.

கூட வாசிக்க ஜாஸ் குழு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கிட்டாரோ பியானோவோ படிக்கும் தோழி ஒருத்தி புளூஸுக்கு அடிப்படையான மூன்று ஸ்வரக்கூட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தால் போதும். அப்படி யாரும் கிடைக்கவில்லையென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முதுமையில் விரல்களின் வேகம் குறைந்திருந்தாலும் பியானோவில் புளூஸ் வாசிக்க என்னால் முடியும். ஆசிரியரையும் அழைத்து வாருங்கள்.

மறுமொழி: முத்தியால்பேட்டை வாசகி

ஐயா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை மூவரும் வருகிறோம். மகள் 'இன் ஆர்பிட்' இசைத்தட்டிலிருந்து ஒரு சுற்றைத் தேர்ந்து பாடத் தொடங்கிவிட்டாள்; ஏழாம் அளவில் ஓர் இடம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆசிரியர் அது வால்வைப் பாதி அழுத்தி எடுத்தது என்கிறார், மகள் உதட்டால் வளைத்தது என்கிறாள். அதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.